ஆறு மாதம், 2,400 வெள்ளி: டியூஷனா, வேலையா, பயணமா?

தம்பி மகள், இங்கே மலேசியாவில் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். கடைசித் தாளை எழுதிவிட்டு வந்த அன்று இரவே வீட்டில் பேச்சு தொடங்கிவிட்டது. தேர்வு முடிவு வர மார்ச் கடைசி ஆகும். பல்கலைக்கழகத்துக்கு முந்தைய படிப்பான ஆறாம் படிவமோ மெட்ரிகுலேஷனோ, எது கிடைத்தாலும் வகுப்பு தொடங்க ஆண்டின் நடுப்பகுதி வந்துவிடும். ஆக, கையில் கிட்டத்தட்ட ஆறு மாதம். பாட்டி கொடுத்தது, தீபாவளிக் காசு, பள்ளிக் காலத்துச் சேமிப்பு எல்லாம் சேர்த்து அவள் கணக்கில் 2,400 வெள்ளி (ரிங்கிட்).

தம்பிக்குச் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை. "ஆறு மாசத்தையும் டியூஷன்ல போடு, எஸ்.டி.பி.எம். பாடத்தை இப்பவே ஆரம்பிச்சிடு" என்றான். ஆறாம் படிவ முடிவில் எழுதும் தேர்வு அது. அவன் மனைவிக்கு, பிள்ளை ஈப்போவில் ஒரு கடையிலோ தொழிற்சாலையிலோ வேலைக்குப் போய் நாலு காசு சேர்த்தால் தேவலை. பிள்ளைக்கோ ஊர் பார்க்க ஆசை. தோழிகள் மூன்று பேர் தமிழ்நாட்டுக்குப் பத்து நாள் சுற்றுலா போகிறார்களாம், இவளும் போக வேண்டும். "அத்தை, நீங்க டீச்சர்தானே, அப்பாகிட்ட நீங்க சொன்னா கேப்பாரு" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

நான் உடனே ஒன்றும் சொல்லவில்லை. ஒரு வாரம் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வழியையும் எழுதி வைத்துப் பார்த்தேன். பேராக் மாநிலத்தில் இருக்கும் எங்கள் சுங்கை சிப்புட்டில் மட்டும் இல்லை, தோட்டத்தை ஒட்டிய எந்த ஊரிலும் இந்த மாதங்களில் இதே பேச்சு நடக்கும். அதனால்தான் விரிவாக எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மூன்றில் எதையும் முழுதாக எடுக்க வேண்டாம். படித்துவிட்டுப் போக வேண்டும், போய்விட்டு வந்து மறுபடியும் படிக்க வேண்டும். அந்த இரண்டாவது படிப்பைத்தான் நாம் எல்லோரும் விட்டுவிடுகிறோம்.

ஒரே வீட்டில் இரண்டு பாதி

இப்படி நான் நினைக்கக் காரணம் என் அண்ணன்.

எங்கள் அப்பா அம்மா இருவரும் பால்மரம் வெட்டியவர்கள், அதாவது ரப்பர் மரத்தில் பால் எடுத்தவர்கள். அண்ணன் படிவம் மூன்றோடு நின்றுவிட்டார். "ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, பையனை வேலைக்கு அனுப்பு" என்று உறவுக்காரர் ஒருவர் சொன்னார், அப்பா கேட்டுக்கொண்டார். அந்தப் பழமொழியை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தில் எங்களோடு வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளின் படிப்பை அந்த ஒரு வரி நிறுத்தியிருக்கிறது. அண்ணன் முதலில் ஒரு வெல்டிங் பட்டறையில் இருந்தார், அப்புறம் லாரி. ஜொகூர் பாருவிலிருந்து பாடாங் பெசார் வரை அவர் ஓட்டாத சாலை கிடையாது.

நான் நேர்மாறு. புத்தகமே கதியென்று கிடந்து, ஆசிரியராகி, இடைநிலைப்பள்ளியில் வரலாறு கற்பிக்கிறேன். கடாரம், ராஜேந்திர சோழன், 1025-ஆம் ஆண்டுப் படையெடுப்பு எல்லாம் வாய்ப்பாடு போல வரும். ஒரு நாள் பின்வரிசை மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், நீங்க அங்க போயிருக்கீங்களா?" கடாரம் என்று நாம் சொல்வது இந்தக் கெடா மாநிலத்தைத்தான். எங்கள் ஊரிலிருந்து காரில் இரண்டு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். பதினோரு வருடம் அந்தப் பாடத்தை நடத்தியிருந்தேன், ஒரு தடவைகூடப் போனதில்லை. "இல்லம்மா" என்று சொன்னபோது அந்தப் பிள்ளையின் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அடுத்த பள்ளி விடுமுறையில் அண்ணன் காரில் போனோம். சுங்கைப்பட்டாணி தாண்டி மெர்போக் சாலையில் திரும்பும்போது அவர் சொன்னார்: "இந்த முச்சந்திக் கடையில நூறு தடவை பசியாறியிருப்பேன். உள்ள பழைய கோயில் இருக்குன்னு ஒருத்தரும் சொல்லலை."

பழைய கடாரத்தின் சின்னங்கள் கிடைத்த இடம் பூஜாங் பள்ளத்தாக்கு. அங்குள்ள அருங்காட்சியகத்தை ஒட்டிய மேட்டில் புக்கிட் பத்து பகாட் கோயிலின் அடித்தளம் இருக்கிறது. 1930-களில் ஆய்வாளர் குவாரிட்ச் வேல்ஸ் அகழ்ந்து பார்த்தார், 1959, 60-இல் இன்னோர் ஆய்வாளர் அலஸ்டர் லாம்ப் கருங்கற்களை மறுபடி அடுக்கிச் சீர்செய்தார். இதெல்லாம் நான் படித்தது. கருவறை எது, மண்டபம் எது என்று அண்ணனுக்கு விளக்கிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து, மண்டபத்தில் வரிசையாக இருந்த கல் பீடங்களைக் கையால் தடவிப் பார்த்தார். "இதுமேல மரத்தூண் நின்னிருக்கு. கூரையும் மரந்தான். அதான் ஒண்ணும் மிஞ்சலை" என்றார். புத்தகத்திலும் அதுதான் இருக்கிறது. ஆனால் நான் அந்த வரியைப் படித்தபோது என் கண்ணில் ஒரு தூணும் நிற்கவில்லை.

அப்புறம் அவர் திரும்பி ஜெராய் மலையைப் பார்த்தார். "லாரியில வரும்போது இந்த மலை தெரிஞ்சா சுங்கைப்பட்டாணி வந்தாச்சுன்னு கணக்கு. கப்பல்ல வந்தவனுக்கும் இதுதான் கணக்கா இருந்திருக்கும்." கடலோரமாகத் தனியே எழுந்து நிற்கும் 1,217 மீட்டர் மலை அது. வங்கக்கடலைத் தாண்டி வந்த கப்பல்களுக்கு அதுவே அடையாளம் என்று எழுதாத ஆராய்ச்சியாளர் இல்லை. அண்ணன் அதில் ஒரு பக்கமும் படித்தவர் இல்லை.

அங்கிருந்து சுங்கை பத்து. மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தார் 2009 முதல் அகழ்ந்த இடம், பழைய இரும்பு உருக்கு வேலை நடந்த இடம். எனக்குக் கறுப்புக் கல்லாகத் தெரிந்ததைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார். "இது கல்லு இல்லம்மா, கசடு. இரும்பு உருகும்போது இப்படித்தான் வழிஞ்சு உறையும். இந்தக் களிமண் குழாய் துருத்தியோட மூக்கு." பட்டறையில் பதினைந்து வயதில் கற்றதை வைத்து அவர் எனக்கு அந்த உலையைக் கட்டிக் காட்டினார், காற்று எந்தப் பக்கம் போகும், கசடு எந்தப் பக்கம் வரும் என்று. அரை மணி நேரம் நான் மாணவியாக நின்று கேட்டேன்.

வீடு திரும்பிய இரவு அவர் கேட்டார்: "பழைய பாட்டுல இந்த ஊர் வருதுன்னியே, அது எது?" பட்டினப்பாலையை எடுத்து, காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவில் குவிந்த சரக்குகளைச் சொல்லும் பகுதியைப் படித்துக் காட்டினேன். அதில் 'ஈழத்து உணவும் காழகத்து ஆக்கமும்' என்று வரும். காழகம் என்பதைக் கடாரம் என்றே உரைகாரர் கொண்டனர். ஆக்கம் என்றால் அங்கே விளைந்த, செய்த பொருள். நான் அந்தச் சொல்லை எத்தனையோ முறை கடந்து போயிருக்கிறேன். அன்று முதல்முறையாக நின்றேன். அந்த ஆக்கத்தில் என்னென்ன இருந்திருக்கும், இரும்பும் இருந்திருக்குமா என்று நானும் அண்ணனும் நள்ளிரவுவரை பேசிக்கொண்டிருந்தோம். முப்பது வருடமாகப் புத்தகம் தொடாதவர், அதற்குப் பிறகு என்னிடம் புத்தகம் கேட்டு வாங்கிப் போகத் தொடங்கினார். 2013-இல் பூஜாங் பள்ளத்தாக்கில் ஒரு பழைய கோயில் அடித்தளம் கட்டுமான வேலைக்காக இடிக்கப்பட்ட செய்தி வந்தபோது, முதலில் எனக்குப் போன் செய்தது அவர்தான். குரல் தழுதழுத்தது.

அவர் எல்லாம் பார்த்தவர், பார்த்தது இன்னதென்று சொல்ல அவருக்கு ஆள் இல்லை. நான் எல்லாம் படித்தவள், படித்ததைத் தொட்டதில்லை. தம்பி மகள் இந்த இரண்டு பாதியில் ஒன்றோடு நின்றுவிடக் கூடாது என்பதுதான் என் கவலை.

தம்பி சொல்லும் டியூஷன்

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். பிள்ளை ஆறாம் படிவம் போவாளா, மெட்ரிகுலேஷன் கிடைக்குமா, பாலிடெக்னிக்கா என்பதே இன்னும் தெரியாது. எஸ்.டி.பி.எம். மூன்று தவணை, ஒன்றரை ஆண்டுப் படிப்பு. மெட்ரிகுலேஷன் ஓராண்டு, பாடத்திட்டமும் வேறு. எந்த வண்டியில் ஏறப் போகிறோம் என்று தெரியாமல் டிக்கெட் வாங்கக் கூடாது. எந்தப் பக்கம் போனாலும் அரசுப் பல்கலைக்கழகத்துக்கு முயட் ஆங்கிலத் தேர்வு வேண்டும். அதனால் ஆங்கிலத்துக்கு மட்டும் டியூஷன் போகட்டும் என்றேன். எங்கள் ஊரில் அதற்கு மாதம் 60 வெள்ளி கேட்டார்கள், ஐந்து மாதத்துக்கு 300.

இன்னொன்றும் உண்டு. பதினோரு வருடம் வகுப்பறையில் உட்கார்ந்து, தேர்வுக்கென்றே படித்துக் களைத்துப்போன பிள்ளையை மறுநாளே இன்னொரு வகுப்பறையில் உட்கார வைத்தால், படிப்பு என்றாலே அலுப்பு வந்துவிடும். தம்பிக்கு இதைப் புரியவைக்கத்தான் அதிக நேரம் பிடித்தது. பிள்ளை சும்மா இருந்தால் கெட்டுப்போவாள் என்று அவன் பயப்படுகிறான். அந்தப் பயம் நியாயமானது, அவன் பிடித்த வழிதான் சரியில்லை.

அம்மா சொல்லும் வேலை

குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 வெள்ளி. அதில் தொழிலாளர் சேமநிதிக்கு 11 விழுக்காடு பிடித்தம் போகும். ஈப்போவில் அறை எடுத்துத் தங்கினால் வாடகை, சாப்பாடு போகக் கையில் நிற்பது கொஞ்சம்தான். எங்கள் ஊரிலேயே வேலை கிடைத்தால் மிச்சம் கூடும். அவளுக்கு வயது 17. இந்த வயதுப் பிள்ளைகளைப் பொதுவாக இரவு 8 மணியிலிருந்து காலை 6 மணிவரை வேலை வாங்கச் சட்டம் இடம் கொடுக்காது. இது தெரியாமல் பலர் இரவு ஷிப்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிடுகிறார்கள்.

வேலை கற்றுக்கொடுப்பதை எந்தப் புத்தகமும் கற்றுக்கொடுக்காது. காலையில் நேரத்துக்கு நிற்பது, கோபத்தோடு வரும் வாடிக்கையாளரிடம் குரல் உயராமல் பேசுவது, மாதக் கடைசியில் ஐம்பது வெள்ளியை எண்ணி எண்ணிச் செலவழிப்பது. இதெல்லாம் வேண்டும். என் பயம் வேறு. "மூணு மாசம்தான் டீச்சர்" என்று சொல்லிவிட்டுச் சிங்கப்பூருக்கும் பினாங்குக்கும் போன என் மாணவர்களில், திரும்பி வந்து ஆறாம் படிவத்தில் உட்கார்ந்தவர்கள் குறைவு. முதல் சம்பளத்தில் அம்மாவுக்குச் சேலை, இரண்டாவதில் போன், மூன்றாவதில் மோட்டார் சைக்கிள் தவணை. தவணை வந்துவிட்டால் அப்புறம் படிப்புக்குத் திரும்புவது கஷ்டம். நன்றாகப் படித்த பிள்ளைகள் அவர்கள். இன்றும் அவர்களை ஊரில் பார்க்கும்போது மனசு கனக்கும்.

அதனால் வேலைக்குப் போகட்டும், இரண்டு மாதம் மட்டும், முடியும் தேதியை முதலிலேயே முதலாளியிடம் சொல்லிவிட்டு. தவணைக்கு எதுவும் வாங்கக் கூடாது. தாவரவியலில் அவளுக்கு ஆர்வம் இருப்பதால் ஊருக்கு வெளியே இருக்கும் ஒரு செடி நாற்றங்காலில் கேட்டு வைத்திருக்கிறோம். ஈப்போ தொழிற்சாலையைவிடச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும். தம்பி மனைவிக்கு அதில் இன்னும் முழு திருப்தி இல்லை.

பிள்ளை சொல்லும் சுற்றுலா

சுற்றுலாவுக்குக் கேட்டது 3,600 வெள்ளி. அவளிடம் இருப்பதைவிட 1,200 அதிகம், தம்பி கடன் வாங்க வேண்டும். அது ஒரு பக்கம் இருக்கட்டும். பத்து நாளில் பதினாறு கோயில் என்று நிரல் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் எனக்கு என் பயணம் நினைவுக்கு வந்தது.

நானும் ஒரு முறை அப்படிப் போனேன். தஞ்சைப் பெரிய கோயிலில் ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்பைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. ஸ்ரீவிஜயம், இலங்காசோகம், கடாரம் என்று நம் பக்கத்து ஊர்ப் பெயர்கள் வரிசையாக வரும் மெய்க்கீர்த்தி அது. மலேசியாவில் பிறந்த தமிழச்சிக்கு அந்தச் சுவரைத் தொட்டுப் பார்ப்பதைவிட வேறென்ன வேண்டும்? அங்கே எங்களுக்குக் கொடுத்தது நாற்பது நிமிடம். எந்தச் சுவர் என்று கேட்டேன், அழைத்துப்போனவருக்குத் தெரியவில்லை. எழுத்து நிறைந்த நீண்ட சுவரோரம் ஓட்டமும் நடையுமாகத் தேடிக்கொண்டிருந்தபோதே பேருந்து ஹாரன் அடித்துவிட்டது. அதே நாள் மாலை ஒரு பட்டுக்கடையில் எங்களை இரண்டு மணி நேரம் நிறுத்தி வைத்தார்கள். ஊர் திரும்பியபோது என்னிடம் நானூறு படம் இருந்தது, அந்தக் கல்வெட்டின் ஒரு எழுத்தும் இல்லை.

தமிழ்நாடு போக வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. போக வேண்டும், பத்து நாளில் மூன்று ஊர் போதும், எதைப் பார்க்கப் போகிறோம் என்று தெரிந்து போக வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வருடம் கழித்துப் போவதே நல்லது. "இப்ப போகலைன்னா எப்பவும் போக மாட்டேன் அத்தை" என்று அழுதாள். பதினேழு வயதில் அப்படித்தான் தோன்றும். அவள் கண்ணீர் எனக்குப் பெரிதாகத்தான் இருந்தது, ஆனாலும் சரி என்று சொல்ல மனம் வரவில்லை.

பாட்டியின் கத்தி

பதிலுக்கு நான் ஒன்று கேட்டேன். "ஒரே ஒரு காலை எனக்குக் கொடு. அதுக்கப்புறம் நீயே முடிவு பண்ணு."

எங்கள் அம்மாவுக்கு எண்பது வயது. நாற்பது வருடம் மரம் வெட்டியவர். ஊரைச் சுற்றி இப்போது எல்லாம் செம்பனைதான், ஆனாலும் தெரிந்தவர் ஒருவருக்கு ரெண்டு ஏக்கர் கித்தாக்காடு (ரப்பர் தோட்டம்) இன்னும் இருக்கிறது. காலை ஐந்தரைக்கு, தலையில் விளக்கு கட்டிக்கொண்டு மூன்று பேரும் போனோம். போவதற்கு முந்தின இரண்டு இரவும் பிள்ளையை ரப்பர் மரத்தைப் பற்றிப் படிக்கச் சொல்லியிருந்தேன். கேட்க வேண்டிய கேள்வி மூன்றை நோட்டில் எழுதியிருந்தாள்.

அம்மா மரத்துக்குப் பக்கத்தில் போனதும் முதுகு நிமிர்ந்துவிட்டது. முதலில் முந்தின வெட்டில் காய்ந்திருந்த கோட்டுப்பாலை ஒரே இழுப்பில் உரித்தெடுத்தார். கத்தியை இடது பக்கம் மேலே வைத்து வலது பக்கம் கீழாக இழுத்தார். பட்டை மெல்லிய சீவலாகச் சுருண்டு விழுந்தது, ஒன்றரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வெட்டுக்கோட்டில் முதலில் புள்ளி புள்ளியாக வெள்ளை, அப்புறம் புள்ளிகள் சேர்ந்து கோடாகி, தகட்டு வாய்வழியாக மங்கில், அதாவது பால் பிடிக்கும் கிண்ணத்தில், சொட்டத் தொடங்கியது. "பட்டைக்கு உள்ள இருக்கிற மரத்தைத் தொட்டுடக் கூடாது. தொட்டா அந்த இடம் முடிச்சு முடிச்சா வந்திடும், அடுத்த தடவை கத்தி ஓடாது" என்றார். கையைப் பிடித்துப் பேத்திக்கு ஒரு கோடு இழுக்கக் கற்றுக்கொடுத்தார். அவள் கோடு நடுவில் ஆழமாகிவிட்டது. அம்மா அந்த மரத்தைத் தடவிக் கொடுத்தார்.

பிள்ளை நோட்டைப் பார்த்துக் கேட்டாள்: "ஏன் பாட்டி இடது மேல, வலது கீழ?"

"துரை காலத்துலேர்ந்து அப்படித்தான்."

"ஏன் விடியறதுக்கு முன்னாடி?"

"வெயில் ஏறினா பால் நின்னுடும்."

வீட்டுக்கு வந்து குளித்துப் பசியாறியதும் மறுபடி புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். பட்டைக்குள் பால்குழாய்கள் நேராக மேலே போவதில்லை, லேசாக வலப்பக்கம் சாய்ந்து ஏறுகின்றன. இடது மேலிருந்து வலது கீழாகச் சாய்த்து வெட்டினால் அதிகக் குழாய்கள் அறுபடும், பால் அதிகம் வரும். மாற்றிச் சாய்த்தால் குறையும். விடியற்காலையில் இலைகளில் நீராவிப்போக்கு இல்லாததால் செல்கள் நீர் நிறைந்து விறைப்பாக இருக்கும், அந்த அழுத்தம் பாலைத் தள்ளும். வெயில் ஏற ஏற அழுத்தம் இறங்கும். செல் விறைப்பையும் நீராவிப்போக்கையும் இந்தப் பிள்ளை உயிரியல் தேர்வுக்கு மனப்பாடம் செய்து எழுதிவிட்டு வந்து சில வாரம்தான் ஆகிறது. "அத்தை, இதுதானா அது?" என்றாள். பாட்டி நாற்பது வருடம் ஏன் நான்கு மணிக்கு எழுந்தார் என்பதற்கான காரணம் அவள் நோட்டிலேயே இருந்திருக்கிறது. போய்ப் பாட்டியிடம் சொன்னாள். அம்மா கேட்டுவிட்டு, "அப்படியா? அதுக்குத்தானா?" என்று ரொம்ப நேரம் கத்தியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மதியமே பிள்ளை தானாக மேலே படிக்கத் தொடங்கிவிட்டாள். 1876-இல் விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து ஏறக்குறைய 70,000 விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனது, அங்கே முளைத்த கன்றுகளில் 22 அடுத்த ஆண்டு சிங்கப்பூர் வந்தது, மரத்தைக் கோடாலியால் கொத்தாமல் அதே வெட்டை மெல்லச் சீவித் திறந்தால் மரமும் சாகாது, பாலும் கூடும் என்று 1890-களில் தாவரவியலாளர் ரிட்லி அங்கே கண்டுகாட்டியது. பாட்டியின் கையசைவு அங்கேதான் பிறந்தது. செலவு? பெட்ரோலுக்கு ஐந்து வெள்ளி.

நான் சொல்லும் வழி

அதனால் பக்கத்திலிருந்து தூரத்துக்குப் போகும் திட்டம் போட்டோம். ஒரு பயணத்தில் ஓர் இடம்தான். போகுமுன் இரண்டு இரவு படிப்பு, திரும்பி வந்து இரண்டு நாளுக்குள் மறுபடி அதே பக்கங்கள். தள்ளிப்போட்டால் பார்த்தது மங்கிவிடும், எனக்கு அனுபவம் உண்டு.

முதலில் எங்கள் ஊர். 1948 ஜூன் 16-ஆம் தேதி எல்பில் உள்ளிட்ட தோட்டங்களில் மூன்று ஐரோப்பியத் துரைமார் கம்யூனிஸ்டுகளால் சுட்டுக் கொல்லப்பட்டதுதான் அன்றைய பிரிட்டிஷ் ஆட்சி மலாயாவில் அவசரகாலம் அறிவிக்க உடனடிக் காரணம். நாடு முழுக்கப் பிள்ளைகள் இதைப் படிக்கிறார்கள். எங்கள் பிள்ளைகள் அந்தச் சாலை வழியாகவே போய்வருகிறார்கள், ஆனால் அந்த வரியையும் சாலையையும் சேர்த்துப் பார்ப்பதில்லை. அம்மாவுக்கு அந்தக் காலம் நினைவிருக்கிறது. சின்னப் பிள்ளையாக இருந்தபோது வெட்டுக்குப் போகிறவர்களின் தூக்குச்சட்டியை வேலி வாசலில் திறந்து காட்டச் சொல்வார்களாம், காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குச் சோறு போய்விடக் கூடாது என்று. பாடப்புத்தகத்தில் இருப்பதையும் பாட்டி சொல்வதையும் பிள்ளை பக்கத்துப் பக்கத்தில் எழுத வேண்டும். இரண்டும் எங்கே ஒத்துப்போகவில்லையோ, அங்கேதான் அவள் மேலும் தேட வேண்டும்.

அடுத்தது கோலகங்சார், அரை மணி நேரம்தான். 1877-இல் அங்கே நட்ட கன்றுகளில் மிஞ்சிய பழைய ரப்பர் மரம் மாவட்ட அலுவலகத்தின் பக்கத்தில் வேலி போட்டு நிற்கிறது. அப்புறம் தைப்பிங், 1883-இல் தொடங்கிய பேராக் அருங்காட்சியகம், நாட்டிலேயே பழமையானது. கடைசியாக மூன்று நாள் கெடா. எங்கள் ஊர் நிலையத்திலேயே இ.டி.எஸ். மின்சார ரயில் நிற்கும், சுங்கைப்பட்டாணியில் இறங்கலாம். முதல் பயணங்களில் பெரியவர்கள் கூட வருவோம். கெடாவுக்கு அவளும் ஒரு தோழியும், அங்கே சொந்தக்காரர் வீட்டில் தங்கல். கசடு எது, கல் எது என்று பெரியப்பா முன்கூட்டியே சொல்லி அனுப்புவார்.

தம்பியின் ஆலையையும் சேர்த்துக்கொண்டோம். பழக்குலை வெட்டிய வேகத்தில் ஆலைக்கு வந்தாக வேண்டும் என்று அவன் தினமும் லாரிக்காரர்களோடு சண்டை போடுகிறான். நசுங்கிய பழத்தில் லைபேஸ் நொதி வேலை செய்து கொழுப்பு அமிலம் ஏறிவிடும், ஆலையில் நீராவியில் வேகவைப்பது அந்த நொதியை நிறுத்தவும்தான் என்று மகள் சொன்னபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. டியூஷனைப் பற்றிய வாக்குவாதம் அத்தோடு தணிந்தது.

பணக் கணக்கு இப்படி: பயணங்களுக்கு 900 வெள்ளி, ஆங்கில டியூஷன் 300, புத்தகத்துக்கு 200. மீதி 1,000 கணக்கிலேயே இருக்கும், இரண்டு மாதச் சம்பள மிச்சமும் அதோடு சேரும். பின்னால் போகும் தமிழ்நாட்டுப் பயணத்துக்கு அதுதான் தொடக்கப் பணம்.

எல்லா வீட்டுக்கும் இதே கணக்கு பொருந்தாது. வீட்டில் வருமானம் நின்றுபோயிருந்தால் வேலைதான் முதலில், அதில் பேச்சே இல்லை. அப்போதும் வாரத்தில் இரண்டு இரவு படிப்பை விட வேண்டாம் என்றுதான் கெஞ்சுவேன். கூட வந்து கதை சொல்லப் பாட்டி இல்லாத வீடுகளில் பக்கத்து லயத்தில் ஒரு பாட்டி இருப்பார், போய்க் கேட்டால் சொல்வார். அவர்களுக்கும் வயது ஆகிக்கொண்டே போகிறது, அதனால் இதை அடுத்த விடுமுறைக்குத் தள்ள வேண்டாம்.

வரும் சனிக்கிழமை கோலகங்சார். அண்ணன் நேற்றே காருக்குக் காற்று அடித்துவிட்டார். பிள்ளை இரண்டாவது இரவாகப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா கூடத்துக்கு வந்து நின்றார். அந்த மரம் இங்கிருந்து அரை மணி நேரத் தூரத்தில் இருப்பது அவருக்கு இதுவரை தெரியாது.

"நானும் வர்றேன்" என்றார். "அதுல வெட்டின தழும்பு இருக்கான்னு பாக்கணும்."